மில்லை மாற்றப்போன றெபேக்கா

சாவகச்சேரியில் நதானியேல் மில்லுக்கு வழி கேட்கத் தேவையில்லை. ஏ9 வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, எந்தப் பக்கம் தும்மல் கூடுகிறதோ அந்தப் பக்கம் நடந்தால் போதும். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு எல்லாவற்றையும் வறுத்து அரைத்துப் பையில் அடைத்து, ரொறன்ரோவிலும் லண்டனிலும் குளிரில் விறைத்துக்கொண்டிருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கு அனுப்புவது அந்த மில்லின் தொழில். அங்கே பொதிகட்டும் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவள் றெபேக்கா.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆள் வருவதற்கு முன்பே குரல் வந்துவிடும். சின்ன வயதில் தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்தபோது போதகர் முதலில் அவளைப் பின்வரிசைக்கு மாற்றினார். பின்வரிசையிலிருந்தும் அவள் குரல்தான் கேட்டது. பிறகு ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளைப் பார்க்கும் பொறுப்பைக் கொடுத்து ஆலயத்துக்கு வெளியே அனுப்பிவிட்டார். அதைப் பதவி உயர்வு என்றுதான் றெபேக்கா இன்றுவரை நம்புகிறாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, உயர்தரத்தில் இரசாயனவியலை மூன்று தரம் எழுதப் போனாள். இரண்டு தரம் அவள் தவறினாள். மூன்றாந்தரம் பரீட்சை மண்டபமே இடம்பெயர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவளும் இடம்பெயர்ந்தாள். தையல் மெசின் ஒன்றையும் கணவன் நோர்மனையும் இழுத்துக்கொண்டு வன்னிக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள், மறுபடி வந்தாள். இரண்டில் தையல் மெசின்தான் பாரம் குறைவு என்பாள்.

ஊர் திரும்பியதும் மில்லில் சேர்ந்தாள். மெல்ல மெல்லப் பொதிகட்டும் பகுதி அவள் கைக்கு வந்தது. அங்கே மின்விசிறிக்கு நேர் கீழே உயரமான கதிரை ஒன்று இருந்தது. அதில் ஏறி உட்கார்ந்தால், யார் பையை ஒட்டுகிறார்கள், யார் வாயை மட்டும் ஆட்டுகிறார்கள் என்பதெல்லாம் துலக்கமாகத் தெரியும். கதிரையில் வேறு யாரும் உட்காருவதில்லை. நதானியேல் முதலாளி ஒருநாள் மறந்துபோய் உட்கார்ந்தார். றெபேக்கா எதிரே போய் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். அவர் எழும்பிப் போய்விட்டார்.

அந்த நதானியேல் முதலாளி போன வருடம் காலமானார். கல்லறைக்குப் பூசிய சீமெந்து காயுமுன்பே மகன் றொகான் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து இறங்கினான். வந்த கையோடு றெபேக்காவைக் கந்தோருக்குள் கூப்பிட்டான்.

"றெபேக்கா அன்ரி, இனி நீங்கள்தான் எங்கடை மாற்ற ஒருங்கிணைப்பாளர்."

"ஆரைத் தம்பி மாத்தவேணும்?"

"ஆக்களை இல்லை அன்ரி. ஆக்களின்ரை மனநிலையை."

"அதுக்கு ஆக்களை மாத்திறது லேசு."

றொகான் சிரிக்கவில்லை. மேசையில் கணினியைத் திருப்பி வைத்து விளக்கினான். வெளிநாட்டுக் கடைகள் இனி உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாமல் தூள் வாங்காதாம். ஆகவே எல்லோருக்கும் தொப்பி, முகமூடி, கையுறை. வரவு வைக்க விரல் மெசின். முன்னுக்கும் பின்னுக்கும் கமெரா. எல்லாவற்றுக்கும் மேலாக, விறகடுப்பும் தாச்சியும் போய், வறுப்பதற்கு எரிவாயுவில் சுழலும் பெரிய இரும்பு உருளை வரப்போகிறது.

"ஒருத்தரையும் வேலையாலை நிப்பாட்டமாட்டன். அப்பாவின்ரை பேரிலை சத்தியமாச் சொல்லுறன். வறுக்கிற மூண்டு பேரும் உங்களோடை பொதிகட்ட வருவினம். நீங்கள் அவையளுக்கு வடிவா விளங்கப்படுத்தி, மனதைப் பழக்கி எடுக்கவேணும்."

அதுவரை தொப்பியையும் கமெராவையும் பற்றி உள்ளுக்குள் பகிடி விட்டுக்கொண்டிருந்த றெபேக்காவுக்கு அந்த இடத்தில் பகிடி நின்றுபோயிற்று. வறுக்கும் மூன்று பேருக்கும் தலைவி அருமைநாயகி. அருமைநாயகியும் அவளும் கதைத்து நாலைந்து வருடம் ஆகிவிட்டது.

காரணம் ஒரு கலியாணம். றெபேக்காவின் மகள் தர்ஷிகாவுக்குச் சாவகச்சேரியில் ஒரு மண்டபத்தில் கலியாணம் நடந்தது. அன்றைக்கு மின்சாரம் இல்லை. அருமைநாயகியையும் அவள் புருசனையும் யாரோ கொண்டுபோய் ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் உட்கார்த்திவிட்டார்கள். அருமைநாயகி டீசல் மணக்கும் சேலையோடு வீடு போய், மறுநாள் மில்லில் வந்து, "எங்களை மாப்பிள்ளை பொம்பிளை பாக்கக் கூப்பிடேல்லை, என்ஜினுக்குக் காவல் இருக்கக் கூப்பிட்டிருக்கினம்" என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். அருமைநாயகி பிறந்தது குருநகரில், கடல்தொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பத்தில். இதை வைத்து றெபேக்கா, "குருநகர் ஆக்களுக்கு என்ஜின் சத்தம் தாலாட்டு மாதிரியெல்லோ" என்று சொல்லிவிட்டாள். மில் முழுவதும் சிரித்தது. அருமைநாயகி சிரிக்கவில்லை. அன்றைக்கு மூடிய வாய்தான்.

ஒரே மில்லில் இருந்துகொண்டு கதைக்காமல் வேலை நடக்குமா? நடந்தது. நடுவில் பிலிப்பு இருந்தான். அரைக்கும் மெசினில் நிற்பவன், இருவருக்கும் வயதில் இளையவன், யாரையும் பகைக்கத் தெரியாதவன். இருவரும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும் கதை அவன் வழியாகத்தான் போகும்.

"பிலிப்பு, மல்லி கருகி வந்திருக்கெண்டு உவவுக்குச் சொல்லு."

"பிலிப்பு, உவவின்ரை கண்தான் கருகிப்போச்செண்டு சொல்லு."

பிலிப்பு இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு மெசினைப் போடுவான். அதற்குப் பிறகு யார் கதைத்தாலும் கேட்காது.

இப்போது அந்த அருமைநாயகியைத் தன் கதிரைக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தி, மனதையும் பழக்கவேண்டும். அன்று வீட்டுக்குப் போய் நோர்மனிடம் சொன்னாள். நோர்மன் தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வை முழு நேரத் தொழிலாகச் செய்பவர்.

"சம்பளம் கூட்டினவனோ?" என்று சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி கேட்டார்.

"இல்லை. பட்டம் குடுத்தவன்."

"அப்ப பட்டத்துக்கும் சம்பளத்துக்கும் வித்தியாசம் உமக்கு விளங்காது எண்டு அவனுக்குத் தெரியும்."

முதலில் வந்தது விரல் மெசின். வாசல் சுவரில் நெஞ்சளவு உயரத்தில் பூட்டினார்கள். விரலை வைத்தால் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் நன்றி சொல்லும். பிடிக்காவிட்டால் மறுபடி முயற்சி செய்யச் சொல்லும். மிளகாய்க்குக் காம்பு ஆய்ந்து ஆய்ந்து பெண்களின் விரல் நுனிகள் வழுவழுத்துப் போயிருந்தன. மெசினுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சிலர் விரலைத் துடைத்தார்கள், சிலர் எண்ணெய் பூசினார்கள், ஒருத்தி திருநீறு தொட்டு வைத்துப் பார்த்தாள். கடைசியில் சின்னவிரலோ இடதுகைப் பெருவிரலோ ஒன்று எல்லோருக்கும் சரிவந்தது. பிலிப்புவுக்கு மட்டும் பத்து விரலும் பயனில்லை. அந்தப் பெண் அவனை மறுபடி மறுபடி முயலச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"இனி கால்தான் இருக்கு" என்றான் பிலிப்பு.

"அதையும் வைச்சுப் பார்" என்று றெபேக்கா பகிடிக்குச் சொன்னாள். அவன் செருப்பைக் கழற்றி, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு வலது காலின் பெருவிரலைத் தூக்கி வைத்தான். "தாங்க் யூ" என்றது மெசின். அந்த மில்லில் பிலிப்புவுக்கு யாரும் நன்றி சொன்னது அதுதான் முதல் தரம். அவன் அதை விடவில்லை. அன்றிலிருந்து காலையிலும் மாலையிலும் இரண்டு பெண்கள் தோளைப் பிடிக்க, பிலிப்பு காலைத் தூக்கி வரவு வைத்தான்.

ஒரு காலை கொழும்பில் நின்ற றொகானிடமிருந்து அழைப்பு வந்தது.

"அன்ரி, கமெராவிலை பாத்தனான். பிலிப்பு அண்ணை மெசினுக்குக் காலாலை உதைக்கிறார், ரெண்டு பேர் இழுத்துப் பிடிக்கினம். என்ன கலவரமோ?"

"இல்லைத் தம்பி. வரவு வைக்கினம்."

அந்த வாரமே மெசினைக் கழற்றி முழங்காலுக்குக் கீழே பூட்டினார்கள். பிலிப்புவுக்குச் சுகம். மற்ற எல்லோரும் முழந்தாளிட்டு விரல் வைக்கவேண்டியதாயிற்று. "கத்தோலிக்க ஆக்களுக்கு இது பழக்கம், எங்களுக்குத்தான் முழங்கால் நோகுது" என்று றெபேக்கா பொதுவாகச் சொன்னாள். வறுக்கும் கொட்டிலில் இருந்து யாரோ சிரித்த மாதிரி இருந்தது. அருமைநாயகியாக இருக்காது என்று நினைத்தாள்.

அடுத்ததாகப் பயிற்சி. யாழ்ப்பாணத்திலிருந்து கிருஷாந் என்ற பொடியன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தான். மிளகாய்ச் சாக்குகளுக்கு நடுவில் வெள்ளைத் துணி கட்டிப் படங்கள் காட்டினான். ஒரு படத்தில் முதலில் ஒரு புழு, பிறகு வண்ணத்துப்பூச்சி. "மாற்றத்துக்கு நாங்கள் ஏன் பயப்பிடுறம்?" என்று கேட்டான். முன்வரிசையில் ஒருத்தி மிளகாய்க்குக் காம்பு ஆயத் தொடங்கினாள். "சரி, உங்கடை வாழ்க்கையிலை வந்த பெரிய மாற்றம் என்ன? ஆராவது சொல்லுங்கோ பாப்பம்."

அருமைநாயகி எழும்பினாள். "ரெண்டாயிரமாம் ஆண்டுச் சண்டைக்கு வீட்டைப் பூட்டிப்போட்டுத் திறப்பையும் கொண்டு போனம். திரும்பி வந்து பாத்தா திறப்பு மட்டும்தான் மிச்சம்."

துணியில் வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்தபடி நின்றது. கிருஷாந் கையிலிருந்த பொத்தானை அழுத்துவதா விடுவதா என்று தெரியாமல் நின்றான். பின்னாலிருந்து ஒருத்தி, "எனக்குப் பெரிய மாற்றம் கலியாணம்தான். வீடு இருந்தது, நிம்மதிதான் போச்சு" என்றாள். கூட்டம் சிரித்து ஓய்ந்தது. கிருஷாந் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டான்.

"நாங்கள் கிளிநொச்சி. எனக்கு ஏழு வயசிலை, கடைசிச் சண்டை நேரம், மாத்தளனிலை பங்கருக்குள்ளை இருந்தனாங்கள்" என்றான். "உங்களுக்கு மாற்றத்தைப் பற்றிச் சொல்லித்தர என்னட்டை ஒண்டுமில்லை. ஆனா உந்தப் படம் முழுக்கக் காட்டாட்டி என்ரை கந்தோரிலை ஏசுவினம். கெதியாக் காட்டுறன். விரும்பின ஆக்கள் கண்ணை மூடுங்கோ."

மில் முழுவதும் கண்ணை மூடியது. நித்திரை கொண்டவர்களும் உண்டு. பயிற்சி நல்லபடியாக முடிந்தது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

பிறகுதான் உருளை வந்து இறங்கியது. லொறியிலிருந்து இறக்க அரைநாள் சென்றது. வறுக்கும் பெண்கள் அதன் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. கையால் வறுக்கும் தூளின் குணம் இந்தத் தகரத்துக்கு வராது என்று அருமைநாயகி சொல்லியனுப்பினாள். பிலிப்பு வழியாகத்தான்.

றெபேக்காவுக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. அது நல்ல யோசனை என்றுதான் அவள் நினைத்தாள். ஒரே மீன், ஒரே தேங்காய், ஒரே புளி. ஒரு சட்டியில் தாச்சியில் வறுத்த தூள், மற்றச் சட்டியில், உருளையைப் பூட்ட வந்தவர்கள் அதில் வறுத்துக் காட்டிய தூள். எது எதுவென்று அவளுக்கு மட்டும் தெரியும். மதியம் எல்லோருக்கும் சோற்றோடு இரண்டையும் வைத்தாள். ருசித்துப் பார்த்துக் கையால் வறுத்தது எது என்று காட்டவேண்டும். இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது, கதை அத்தோடு முடியும் என்பது அவள் கணக்கு.

அருமைநாயகி இரண்டாவது கறியைத் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். "இதுதான் எங்கடை கை. உந்தத் தகரம் இப்பிடி வறுக்கட்டும் பாப்பம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். மற்ற இரண்டு பேரும் அதையே காட்டினார்கள். மில்லில் முக்கால்வாசிப் பேரும் அதையே காட்டினார்கள்.

அது உருளையின் கறி.

றெபேக்கா சொன்னதும் பிலிப்பு வாயிலிருந்த சோற்றோடு சிரித்துப் புரையேறினான். யாரோ அவன் முதுகில் தட்டினார்கள். அருமைநாயகி கையைக் கழுவினாள். தொப்பியைக் கழற்றி மடித்துச் சாக்கின் மேல் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு படலையைத் திறந்து போய்விட்டாள். மற்ற இரண்டு பேரும் பின்னால் போனார்கள். முழந்தாளிட்டு விரல் வைக்கக்கூட ஒருத்தியும் நிற்கவில்லை.

றெபேக்காவுக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடிக்கும் நேரத்துக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. தேத்தண்ணி முடிந்ததும் சந்தோசமும் முடிந்துவிட்டது. கதிரையில் ஏறி உட்கார்ந்தாள். கீழே ஒருவரும் கதைக்கவில்லை. எல்லோரும் ஒழுங்காக வேலை செய்தார்கள். அது அவளுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

இரண்டு மூன்று நாளாகியும் மூவரும் வரவில்லை. தாச்சிக்கும் ஆளில்லை, உருளைக்கும் ஆளில்லை. லண்டன் கடைக்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று றொகான் நகம் கடித்தான். கடைசியில் றெபேக்கா ஒரு பின்னேரம் அருமைநாயகி வீட்டுக்குப் போனாள். கையில் ஒன்றும் கொண்டு போகவில்லை. கொண்டு போனால் மன்னிப்புக் கேட்க வந்தது போல இருக்கும்.

அருமைநாயகி முற்றத்தில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. பிலிப்புவும் இல்லை. சற்று யோசித்துவிட்டு ஆட்டைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏன் வந்தவவாம்?"

றெபேக்காவும் ஆட்டையே பார்த்தாள். "வேலைக்குக் கூப்பிட வந்தனான் எண்டு சொல்லு."

"நான் வரமாட்டன் எண்டு சொல்லு."

ஆடு குழையை இழுத்துக்கொண்டு வேலியோரமாகப் போய்விட்டது. நடுவில் ஒன்றும் இல்லாமல் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். அருமைநாயகியின் வாய் ஒரு பக்கம் கோணியது. சிரிப்பா கோபமா என்று றெபேக்காவுக்குத் தெரியவில்லை.

"அண்டைக்கு அந்தத் தாலாட்டுக் கதை நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் றெபேக்கா.

"அந்தக் கதையோ? அது நல்ல பகிடிதானே. வீட்டிலை இவர் நினைச்சு நினைச்சுச் சிரிச்சவர். எனக்குக் கோவம் கதிரை போட்ட இடம்தான்." அருமைநாயகி வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்தாள். "இரும். நிண்டுகொண்டு கதைச்சா எனக்குக் கழுத்து நோகுது."

உட்கார வேறொன்றும் இல்லை. றெபேக்கா கிணற்றுக்கட்டில் உட்கார்ந்தாள்.

"தாச்சிக்கு முன்னாலை நிக்கிறது எனக்கு ஆசையெண்டு நினைக்கிறீரோ?" என்றாள் அருமைநாயகி. "நெஞ்சு முழுக்கப் புகை. இரவிலை இருமி இருமி இவரின்ரை நித்திரையும் கெட்டுப்போச்சு. அந்தத் தாச்சியைக் கொண்டுபோய்க் கடலிலை போட்டாலும் நான் அழமாட்டன். ஆனா அந்தக் கொட்டிலிலை எனக்கு மேலை ஒருத்தரும் இல்லை. முதலாளி வந்தாலும் கண் எரிஞ்சு ஓடிடுவார். இப்ப வந்து உம்மடை கதிரைக்குக் கீழை நிண்டு பை ஒட்டவேணும். நீர் மேலை இருந்து பாப்பீர். அதுக்குத்தான் ஏலாது."

"கதிரையை உமக்குத் தாறன்."

வாய் முந்திவிட்டது. சொன்ன பிறகுதான் றெபேக்காவுக்கே கேட்டது. திரும்பப் பெறலாமா என்று பார்த்தாள். அருமைநாயகி விடவில்லை.

"அப்ப நீர் எங்கை நிப்பீர்?"

"உருளையிலை."

"உமக்கு வறுக்கத் தெரியுமோ?"

"தெரியாது. அதுக்குத் தெரியுமாம்."

"எங்களைப் பழகு பழகு எண்டு நிண்டனீர்தானே? முதல்லை நீர் பழகிக் காட்டும். பேந்து நான் வாறதைப் பற்றி யோசிக்கிறன்."

றொகானுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. முன்மாதிரி, தலைமைத்துவம் என்று ஏதேதோ சொல்லி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். நோர்மனுக்குச் சொன்னபோது அவர் சாய்மனையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிமிர்ந்து உட்காருவது அவர் வழக்கமில்லை.

"வீட்டிலை பாண் வாட்டினாலே கருக்கிறனீர்" என்றார்.

இரசாயனவியலுக்குப் படித்ததை விடக் கூடுதலாக றெபேக்கா அந்த உருளைக்குப் படித்தாள். பச்சைப் பொத்தான் சுழற்ற, சிவப்பு நிறுத்த, பக்கத்தில் எரிவாயுத் திருகு. முதல் நாள் மல்லி நன்றாக வந்தது. சீரகமும் வந்தது. பிலிப்பு மணந்து பார்த்துத் தலையாட்டினான். இவ்வளவுதானா என்று அவளுக்குத் தலைகால் தெரியாத புளுகம் வந்துவிட்டது. அடுத்த நாள் செத்தல் மிளகாயைக் கொட்டிச் சுழலவிட்டுவிட்டு, லண்டனில் இருந்த தர்ஷிகாவுக்குக் காணொளி அழைப்பு எடுத்தாள்.

"பிள்ளை, இஞ்சை பார், அம்மா ஓடுற மெசின். இது கண்ணாடி. இதுக்குள்ளாலை பாத்தா மிளகாய் தெரியும். இந்தப் பக்கம் பார்."

இந்தப் பக்கம் காட்டத் திரும்பியபோது முழங்கை சிவப்புப் பொத்தானில் பட்டது. உருளை நின்றது. நெருப்பு நிற்கவில்லை. றெபேக்கா பேத்தியைப் பற்றிக் கேட்டாள், லண்டன் மழையைப் பற்றிக் கேட்டாள், மருமகனின் கொலஸ்ரோலைப் பற்றி விரிவாகக் கேட்டாள்.

"அம்மா, உங்களுக்குப் பின்னாலை ஏன் இருட்டா இருக்கு?" என்றாள் தர்ஷிகா.

மிளகாய் கருகும் புகை எப்படி என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒரு பிடி கருகினாலே வீடு வெளியே வரும். இது ஒரு சாக்கு. புகைக்கூண்டால் மேலே போன புகையைச் சோளகக் காற்று பிடித்துப் பக்கத்து ஒழுங்கைப் பக்கம் தள்ளியது.

பக்கத்து ஒழுங்கையில் அன்றைக்குச் செத்தவீடு. போனவர் ஓய்வுபெற்ற சேவையர் கனகசபாபதி. உத்தியோகத்தில் இருந்த காலத்தில் அவர் அளந்த காணிகளில் வேலிகள் தாமாக நடக்கும். எப்போதும் அவருடைய காணியை அகலமாக்கும் பக்கமாகத்தான் நடக்கும். அந்த ஒழுங்கையில் அவரோடு வழக்குப் பேசாத வீடு இல்லை. ஊர் வழக்கத்துக்காகச் சனம் வந்து பந்தலின் கீழ் கதிரைகளில் இருந்தது. அழத்தான் ஒருவரும் முன்வரவில்லை. அவருடைய மனைவி கூட விசிறியால் விசிறிக்கொண்டு பேசாமல் இருந்தார். கனடாவில் இருக்கும் பிள்ளைகளுக்காக நேரலை வேறு ஓடிக்கொண்டிருந்தது. யாராவது கொஞ்சம் அழுதால் நல்லது என்று படம் எடுக்கிறவன் கூடச் சொல்லிப் பார்த்தான்.

சரியாக அந்த நேரத்தில் புகை பந்தலுக்குள் இறங்கியது. முதலில் பறைமேளக்காரர் தாளம் தப்பித் தும்மினார்கள். பிறகு முன்வரிசை. பிறகு எல்லோரும். வழக்கில் தோற்றவர்கள், வென்றவர்கள், ஒரு முழம் காணியை இழந்தவர்கள் என்று வேறுபாடு இல்லாமல் ஊரே மூக்கைச் சிந்திச் சிந்திக் கண்ணீர் விட்டது. குருக்கள் மந்திரத்துக்கு நடுவில் விம்மினார். அதை நேரலையில் பார்த்த பிள்ளைகள் புகை இல்லாமலே கனடாவில் அழுதார்கள். சேவையரின் மனைவி சனத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு விசிறியைக் கீழே போட்டுவிட்டு அழத் தொடங்கினார். அந்த அழுகை புகையால் வந்ததில்லை என்றுதான் அங்கே இருந்தவர்கள் சொல்கிறார்கள்.

இது ஒன்றும் றெபேக்காவுக்குத் தெரியாது. பிலிப்பு ஓடிவந்து எரிவாயுவைப் பூட்டி, கதவுகளைத் திறந்து, அவளை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து விட்டான். முகமெல்லாம் கரி. ஒரு சாக்கு மிளகாய் போய்விட்டது. தன் மானமும் போய்விட்டது. இனி அருமைநாயகி முகத்தில் எப்படி முழிப்பது என்று சாக்குக் குவியலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது, படலையைத் தள்ளிக்கொண்டு அருமைநாயகியே வந்தாள். செத்தவீட்டுக்குக் கட்டிய வெள்ளைச் சேலை. கண் இரண்டும் சிவந்து ஒழுகியது.

ஏச்சு விழப்போகிறது என்று றெபேக்கா தலையைக் குனிந்தாள். ஏச்சு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அருமைநாயகி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"சேவையரின்ரை மனிசி என்ரை கையைப் பிடிச்சுச் சொல்லுது," அவளால் முடிக்க முடியவில்லை. மறுபடி தொடங்கினாள். "இவரிலை சனத்துக்கு இவ்வளவு பாசம் எண்டு எனக்குத் தெரியாமல் போச்சே பிள்ளை எண்டு சொல்லுது. நான் என்னத்தைச் சொல்ல? ஓமம்மா, ஓமம்மா எண்டுபோட்டு வந்திட்டன்."

றெபேக்காவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் தொடங்கிய சிரிப்பு இருமலாகி, இருமல் சிரிப்பாகி, இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சாக்கின் மேல் சரிந்தார்கள். நடுவில் நின்று கதை கடத்திப் பழகிய பிலிப்பு, தனக்கு இனி என்ன வேலை என்று தெரியாமல் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

"நாளைக்கு வாறன்" என்றாள் அருமைநாயகி, முகத்தைக் கழுவிவிட்டு. "கதிரை எனக்கு எண்டனீர். அதை மாத்தக்கூடாது."

மாற்றவில்லை. மற்ற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மறுநாள் வந்த அருமைநாயகி நேரே போய்க் கதிரையில் ஏறினாள். ஏறியதும் மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பினாள். இரண்டு நாளில், றெபேக்காவே தேவலை என்று பொதிகட்டும் பெண்கள் உருளைப் பக்கம் வந்து முறைப்பாடு சொன்னார்கள். றெபேக்கா அனுதாபத்தோடு கேட்டாள். அந்த முறைப்பாடுகள் அவளுக்கு மிகவும் இனித்தன.

உருளையும் மெல்லக் கைக்கு வந்தது. றொகான் புகைக்கூண்டுக்கு வடிகட்டி போட்டான், சிவப்புப் பொத்தானுக்கு ஒரு மூடியும் போட்டான். கதிரையில் இருந்த காலத்தில் பின்னேரமானால் றெபேக்காவுக்கு முதுகு உளையும். இப்போது நின்று நடந்து வேலை செய்வதால் உளைவு இல்லை. ஆனால் இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கதிரையைத் தியாகம் செய்தவள் என்று ஊரில் ஒரு பெயர் இருந்தது. அதை ஏன் கெடுக்கவேண்டும்? காலையில் உருளையைச் சூடாக்க நேரத்தோடு போகவேண்டியிருந்ததால், வீட்டில் சமையல் நோர்மன் தலையில் விழுந்தது. முதல் கிழமை அவர் வைத்த பருப்பை நாயும் மணந்துவிட்டுப் போனது. இப்போது பருப்பு பரவாயில்லை. மீன் இன்னும் கை வரவில்லை.

சான்றிதழ் கிடைத்த பிறகு கிருஷாந் மறுபடி வந்தான். இந்த முறை கழுத்துப்பட்டி இல்லை. வல்வெட்டித்துறையில் படகு கட்டுகிற இடம் ஒன்றில் புது மெசின்கள் வருகின்றன, வேலைக்காரர் முரண்டு பிடிக்கிறார்கள், நீங்கள் வந்து நாலு வார்த்தை கதையுங்கோ அக்கா என்று கேட்டான். றெபேக்கா நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு போனாள். பசை மணக்கும் கொட்டிலில் ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். முதலாளி முன்வரிசையில் கால் மேல் கால் போட்டிருந்தார். ஒலிவாங்கி கொடுத்தார்கள். அவளுக்கு அது தேவைப்படவில்லை.

"முதலாளி," என்றாள், "இவையள் என்னென்ன மாத்தவேணும் எண்டு கிருஷாந் தம்பி சொன்னவர். நீங்கள் என்ன மாத்தப் போறியள்?"

முதலாளி சிரித்தார். "நான் ஏன் மாத்தவேணும்? நான் முதலாளியெல்லே."

கொட்டில் ஒரேயடியாகச் சிரித்தது. றெபேக்கா சிரிக்காமல் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். கனநேரம் நின்றாள். முதலாளி காலைக் கீழே போட்டார், கைப்பேசியை எடுத்துப் பார்த்தார், கிருஷாந்தைப் பார்த்தார். கிருஷாந் கூரையைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு அவளை யாரும் எங்கும் கதைக்கக் கூப்பிடவில்லை. ஆனால் அன்றைக்கு அவர்கள் தந்த மதியச் சாப்பாட்டில் அறக்குளா மீன் பொரியல் இரண்டு துண்டு இருந்தது. ஒன்றை அங்கேயே சாப்பிட்டாள். மற்றதைக் கடதாசியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, மறுநாள் அருமைநாயகிக்குக் கொடுத்தாள். உப்புக் கூடிவிட்டது என்று அருமைநாயகி சொன்னாள். சொல்லிவிட்டு முள்ளை மட்டும் மிச்சம் வைத்தாள்.